ஜித்தா எவ்வளவு தூரம்?

ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பூகோள உருண்டையில் நூல் பிடித்துத் தூரம் அளக்கக் காட்டிக்கொண்டிருந்தேன். “ஜித்தா எவ்வளவு தூரம் சேர்?” என்று பிள்ளையொருத்தி கேட்டாள். அவளுடைய உம்மா அங்கே வீட்டுப் பணிப்பெண்.

கட்டுநாயக்கவிலிருந்து ஏறக்குறைய 4,650 கிலோமீற்றர். நேரடி விமானமென்றால் ஆறு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அங்கே கடிகாரம் இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. இங்கே பகல் இரண்டுக்கு ஏறினால் அங்கே மாலை ஆறுபோல் இறங்கலாம்.

2004இல் உம்மா சுபஹோடு மௌத்தானபோது ராத்தாவும் ஜித்தாவில்தான். இந்தக் கணக்கை நம்பி, ஜனாஸாவை அஸர் வரை வைத்திருக்கச் சொன்னவன் நான். விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ராத்தாவின் கடவுச்சீட்டு எஜமானின் அலுமாரியில். வெளியேறும் அனுமதியும் அவர் கையில். ராத்தா வந்து சேரப் பதினொரு மாதம் சென்றது.

“அப்ப காலையில ஏறினா இரவைக்கு வந்திரலாம், என்ன சேர்?”

“ஓம்” என்றேன்.