போகிக்கு வந்த சரக்கு

ஜனவரி 10, 2025, வெள்ளி

எக்ஸ்எல் வண்டியில் தெருத்தெருவாகப் பழைய சாமான் வாங்கும் தம்பி, கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்றான். போகிக்கு முன்பணம் வேண்டுமாம். "இந்த வருசம் மிக்ஸியும் கிரைண்டருமா வந்து விழும்ணே. கையில காசில்லாம தெருவுக்குள்ள போனா திருமானூர்க்காரன் அள்ளிக்கிட்டுப் போயிருவான்" என்றான். ஐயாயிரம் கொடுத்தேன்.

அவன் சொல்வது சரிதான். இலவசக் கலர் டி.வி. 2006-ல் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் ஆரம்பித்து, அடுத்த சில வருடங்கள் வீடுவீடாக வந்து இறங்கியது. எல்லாம் ஒரே வயசுப் பொருள்கள். ஒன்றாக வந்தவை ஒன்றாகவே படுக்கின்றன. இங்கே காயில் கட்டும் கடை வைத்திருக்கிற எனக்கு அதில் பழைய லாபம் இல்லை. மிக்ஸிக்குக் காயில் கட்டக் கூலி சொன்னால், "இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வந்துருமே" என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பது போர்வெல் மோட்டார் வேலை மட்டும்தான். அதனால்தான் இந்தப் பழைய சாமான் பக்கம் திரும்பினேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

விடியற்காலையில் தெரு முழுக்கப் புகை. டயர், பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் சொல்கிறது. பாய், துடைப்பம் எரிந்து முடிந்ததும் யாரோ ஒருவர் வீட்டுப் பழைய ஒயரும் உள்ளே போய்விடுகிறது. வாசனையிலேயே தெரியும்.

பத்து மணிக்கு மேல் தம்பியின் ஸ்பீக்கர் சத்தம் மேலப்பழுவூர் ரோட்டில் கேட்டது. 'பழைய மிக்ஸி, பழைய கிரைண்டர், பழைய ஃபேன், ஓடாத டி.வி., உடைஞ்ச ஃப்ரிட்ஜு' என்று பதிவு செய்து வைத்த அதே குரல். மத்தியானத்துக்குள் கடை வாசல் நிறைந்துவிட்டது.

பின்தெரு அக்கா ஒருவர் மிக்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக என்னிடமே வந்துவிட்டார். "ஓடுற மிக்ஸிக்கு எண்பது ரூவாயாம் உங்க ஆளு சொல்றது! போட்டுப் பாருங்க." போட்டேன், ஓடியது. கார்பன் தேய்ந்திருந்தது, பொறி பறந்தது. நூற்றைம்பது கொடுத்தேன். மோட்டார் முழுக்க உரித்தாலும் கால் கிலோ செம்பு தேறாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கார்பன் மாற்றினால் அது மிக்ஸியாகவே போகும்.

இன்னொரு ஆத்தா கிரைண்டரைக் கொடுத்துவிட்டுக் கல்லை மட்டும் திருப்பிக் கேட்டார். எதற்கு ஆத்தா என்றால், "கெடக்கட்டும், கல்லு என்னா சோறா கேக்குது" என்கிறார். நல்லதாகப் போயிற்று. கல்லை எந்தப் பழைய இரும்புக் கடையும் எடைக்கு எடுப்பதில்லை. என் கொல்லையில் ஏற்கெனவே ஒரு வரிசை கிடக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கடை லீவு.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். பழுவேட்டரையர் கோட்டை எங்கே என்று கேட்டு ஒரு கார் வந்தது. கோட்டை இல்லை, கோயில்தான் இருக்கிறது என்று மேலப்பழுவூர்ப் பக்கம் கை காட்டிவிட்டு உட்கார்ந்து மோட்டார்களைப் பிரித்தேன்.

கிரைண்டர் மோட்டாரின் மூடியைக் கழற்றி ரோட்டரை உருவினால் ஸ்டேட்டர் மட்டும் நிற்கும். உள்ளே சிவப்பாகத் தெரிவதைப் பார்த்து மயங்கக் கூடாது. எனாமல் பூசினால் அலுமினியக் கம்பியும் அதே நிறம்தான். பேனாக்கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் விஷயம் வெளுத்துவிடும்; உள்ளே வெள்ளை என்றால் கிலோவுக்கு ஐந்நூறு ரூபாய் போச்சு. வாசலில் வாங்கும்போதே சுரண்டிப் பார்க்கச் சொல்லித் தம்பிக்கு ஒரு கத்தி கொடுத்திருக்கிறேன்.

செம்பு என்று தெரிந்தால் ஒரு பக்கத்துக் காயிலை உளி வைத்து ஸ்டேட்டரோடு ஒட்ட வெட்டிவிட்டு, மறுபக்கம் கம்பியைக் கொடுத்து நெம்பி இழுப்பேன். ஸ்லாட் ஸ்லாட்டாகக் கொத்துக் கொத்தாக வரும், கூடவே பழுப்பேறிய பேப்பரும். வார்னிஷ் நன்றாகக் குடித்த மோட்டார் லேசில் விடாது. தீ வைத்தால் சட்டென்று விடும் என்று பட்டறைப் பையன் சொல்கிறான். எரித்த செம்பு கறுத்துப்போய்த் தரம் இறங்கும், வியாபாரி விலையைக் குறைப்பார். அதைவிட, ஒயரின் பி.வி.சி. எரியும்போது டயாக்சின் வரும். அந்தப் புகையைக் குடித்துக் கிடைக்கிற காசு பையனுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

சீலிங் ஃபேன்தான் நல்ல சரக்கு. இறக்கை அலுமினியம், உள்ளே செம்பு. உடைத்துப் போட்டால் முந்நூறுக்குப் பக்கத்தில் வரும். ஆனால் நின்றுபோன ஃபேன் பலதில் கண்டென்சரோ பேரிங்கோதான் போயிருக்கும். மாற்றித் துடைத்து வைத்தால் அறுநூறு. அதனால் சுத்தியலை எடுக்குமுன் ஒவ்வொன்றையும் கரண்டில் மாட்டிப் பார்க்கிறேன். பையனுக்கு இது பிடிக்கவில்லை, அவனுக்கு உடைக்க வேண்டும்.

ஜனவரி 18, சனி

இன்று டி.வி. எல்லாமே அந்த 14 அங்குல இலவச டி.வி.

பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலை, படக்குழாயின் முதுகில் இருக்கிற ரப்பர் குமிழ். அதற்குள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி நாளானாலும் நம்பக் கூடாது. ஸ்க்ரூடிரைவரில் ஒரு ஒயரைச் சுற்றி மறுமுனையைக் குழாயின் வெளி எர்த்தில் கட்டி, ரப்பருக்கு அடியில் மெதுவாக நுழைக்க வேண்டும். சிலது சும்மா இருக்கும், சிலது 'டப்' என்று ஒரு அடி அடிக்கும். பையனை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னேன். அப்புறம் கழுத்து நுனியில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் காம்பைக் கொறடாவால் நெரித்தால் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இறங்கும். இனிமேல் வெடிக்காது.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? கழுத்தில் மாட்டியிருக்கும் யோக் காயிலில் கைப்பிடிச் செம்பு. ஒரு ஸ்பீக்கர் காந்தம். போர்டுக்குச் சில ரூபாய். மிச்சம் குழாய். அதன் புனல் பாகத்துக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. எக்ஸ்ரே வெளியே வராமல் இருக்கப் போட்டது. உலகத்தில் இந்தக் குழாய் செய்கிறவர்கள் கடையைக் கட்டிவிட்டதால் பழைய கண்ணாடியை வாங்கிப் புதுக் குழாய் ஊற்றவும் ஆளில்லை.

காயிலை மட்டும் உருவிக்கொண்டு குழாயை ஏரிக்கரையில் கடாசுகிறவன் ஒரு டி.வி.க்கு நூறு ரூபாய் சம்பாதிக்கிறான். குழாயை வைத்துக்கொண்டிருக்கிறவனுக்கு அந்த நூறும் இடத்துக்கே சரியாகிவிடும்.

ஜனவரி 20, திங்கள்

கண்டிராதித்தம் பக்கமிருந்து ஒரு ஃப்ரிட்ஜ். மரமேறி இறங்கியதுபோல் பெட்டி முழுக்கச் சிராய்ப்பு. தம்பி கொண்டுவந்த வேகத்தில் பையன் கட்டிங் பிளேடை எடுத்தான். பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படி என்றேன். ஆர்-600ஏ. ஐசோபியூட்டேன், சமையல் காஸ் வகையறா. பைப்பில் பொறி பட்டால் என்ன ஆகும் என்று அவனே சொன்னான்.

முன்னால் வந்த பெட்டிகளில் ஆர்-134ஏ இருக்கும். தீப்பிடிக்காது, ஆனால் பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவுக்கு ஆயிரம் மடங்குக்கு மேல். அதற்கும் முந்தைய ஆர்-12 ஓசோனை ஓட்டை போட்டது. 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையே அந்த வகைக்காக வந்ததுதான். காஸை வெளியே விடாமல் உறிஞ்சிப் பிடிக்க மெஷின் உண்டு. எனக்குத் தெரிந்த மெக்கானிக்குகளிடம் இல்லை. பைப்பை வெட்டி 'புஸ்' என்று விட்டுவிட்டுக் கம்ப்ரசரைத் தூக்குவதுதான் வழக்கம்.

கம்ப்ரசரை டெஸ்ட் பண்ணினேன், நன்றாகவே இழுத்தது. தெர்மோஸ்டாட்தான் போயிருக்கிறது. பெட்டியைத் திறக்காமல் அப்படியே அரியலூர் மெக்கானிக் ஒருவருக்குப் பேசி முடித்தேன். எடைக்குப் போட்டால் வருகிற பணத்தைவிட அதிகம்தான் கொடுத்தார். பையன் பிளேடைத் திரும்ப மாட்டி வைத்தான்.

ஜனவரி 23, வியாழன்

குட்டியானை பிடித்துக் கல்லக்குடி வழியாகத் திருச்சி. வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி.

வியாபாரி பாய் காந்தத்தோடு நின்றார். கிரைண்டர் டிரம், மிக்ஸி ஜார் எல்லாவற்றிலும் ஒட்டிப் பார்த்தார். ஒட்டாத எவர்சில்வர் ஒரு பக்கம், ஒட்டுகிறது ஒரு பக்கம், இரண்டுக்கும் விலை வேறே. செம்பு கிலோ 670 போட்டார். போன அக்டோபர் 10-லிருந்து ஜி.எஸ்.டி. விதி மாறியதைச் சொல்லிப் புலம்பினார். பதிவில்லாத என்னைப்போன்ற ஆளிடம் உலோகக் கழிவு வாங்கினால், வரியைப் பதிவுள்ள அவரே கட்ட வேண்டும். அதைச் சொல்லியே விலையில் பத்து ரூபாய் இறக்கவும் பார்த்தார்.

குழாய்களைக் கண்டதும் கையை உதறினார். "இத ஏன்ணே இவ்ளோ தூரம் கொண்டாந்தீங்க? உங்க ஊர்லதான் சுண்ணாம்புக் குழி குழியாக் கெடக்கே!" எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குழிகளில் மழைத்தண்ணீர் நிற்கிறது, ஆடு மாடு குடிக்கிறது. நகராட்சிகளின் மக்காத பிளாஸ்டிக்கை நம் பக்கத்துச் சிமென்ட் ஆலைகள் உலைக்கு வாங்கிக்கொள்கின்றன. ஈயக் கண்ணாடிக்கு அந்த வழியும் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிப்படி இது பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும். சென்னைப் பக்கம் இருக்கிறார்கள். வண்டி வாடகை யார் தலையில்? குழாய்கள் அதே வண்டியில் திரும்பி வந்தன.

ஜனவரி 24, வெள்ளி

கணக்கு பார்த்தேன். எடைக்குப் போட்டதில் வரவு 14,000. தம்பி வாங்கியதற்கு 8,000, வண்டி 2,200, பையன் கூலி 1,800. மிச்சம் 2,000. ரிப்பேர் பண்ணி விற்ற ஃபேன்களிலும் உதிரிச் செலவு போக ஏறக்குறைய அதே 2,000 நின்றது. ஃப்ரிட்ஜ் தனி.

இனிமேல் டி.வி.க்குக் காசு கொடுக்காதே என்று தம்பியிடம் சொன்னேன். "சும்மா எவன்ணே குடுப்பான்? இல்லாட்டி ராத்திரியோட ராத்திரியா வாய்க்கால்ல வச்சிட்டுப் போயிருவான்" என்றான். பேச்சு முடியவில்லை. திருமானூர், அரியலூரில் இருக்கும் மற்றக் கடைக்காரர்களிடமும் குழாய் சேர்ந்துதான் கிடக்கும். நாலு பேர் சேர்ந்தால் சென்னைக்கு ஒரு லாரி வாடகையைப் பங்கு போடலாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரைப் பார்க்கப் போகிறேன்.

நாளைக்கு ஏலாக்குறிச்சியில் ஒரு வாஷிங் மெஷின் இருக்கிறதாம். போகியில் வாங்கிய மிக்ஸி ஐந்நூறுக்குப் போயிற்று. வாங்கினவர் ஒரு வருசம் கியாரண்டி கேட்கிறார், மூணு மாசம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.