அணைக்கரை கட்டியவரின் படகுக் கனவு

தா.பழூரிலிருந்து கும்பகோணம் போகிற பஸ், மதனத்தூரைத் தாண்டியதும் கொள்ளிடம் பாலத்தில் ஏறும். ஜன்னலோர சீட் கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மேட்டூர் நிரம்பி உபரி நீர் வந்தால் கரையைத் தொட்டு ஓடும் இதே ஆறு, சித்திரையில் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் மணல்.

இந்த மணலைப் பார்த்துக்கொண்டே பிரான்ஸ் நாட்டுப் படகுப் பயணத்தைப் பற்றிப் பேசுவது வேடிக்கைதான். ஆனால், இரண்டையும் இணைக்கும் ஒரு மனிதர் இருக்கிறார்.

தா.பழூரிலிருந்து கொள்ளிடத்தை ஒட்டிக் கிழக்கே போனால் அணைக்கரை. கீழணை என்றும் சொல்வார்கள். 1836-ல் இதைக் கட்டியவர் ஆர்தர் காட்டன். அப்போது அவருக்கு வயது 33. இங்கிருந்து பிரியும் வடவாறுதான் வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது.

அணைகளோடு காட்டனின் ஆசை நிற்கவில்லை. இந்திய நதிகளைக் கால்வாய்களால் இணைக்க வேண்டும், ஒரே கால்வாய் வயலுக்கும் பாய வேண்டும், சரக்குப் படகையும் சுமக்க வேண்டும் என்று அவர் வாதாடிக்கொண்டே இருந்தார். ரயிலைவிடப் படகில் செலவு குறைவு என்பது அவர் கணக்கு. கோதாவரியில் அவர் கட்டிய தவளேஸ்வரம் அணையின் கால்வாய்களில் படகுகள் ஓடவும் செய்தன. ஆனால், அரசின் பணம் ரயிலுக்கே போனது.

பிரான்ஸிலும் ரயில் வந்து படகுச் சரக்கைத் தட்டிப் பறித்தது. கால்வாய்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. ‘கனால் து மிதி’ என்ற 240 கிலோமீட்டர் கால்வாயை 1666-ல் வெட்டத் தொடங்கியவர் ரிக்கே என்ற உப்பு வரி அதிகாரி. சொந்தச் சொத்தையே இதில் கொட்டினார். 1681-ல் கால்வாய் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார், பாவம்!

இன்று அங்கே சமையலறை, படுக்கை வசதியுள்ள படகை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு வாரக்கணக்கில் மிதக்கிறார்கள். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர்தான். கரையில் சைக்கிளில் போகிறவர் முந்திவிடுவார். மேடு வந்தால், இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தித் தண்ணீரை நிரப்புகிறார்கள். படகு தானாக உயர்ந்து அடுத்த மட்டத்துக்குப் போய்விடுகிறது.

இங்கே ஏன் முடியவில்லை? ரிக்கே, படகு மிதப்பதற்கென்றே மலையடிவாரத்தில் ஓர் ஏரி கட்டித் தண்ணீர் சேமித்தார். நம் ஊரில் ஜூன் 12 மேட்டூர் திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்பதுதான் காவிரிப் பாசனத்தின் வழக்கமான கணக்கு. மேட்டூர் தண்ணீர் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு நாற்றங்கால் காத்திருக்கிறது. அதில் உல்லாசப் படகு விடச் சொன்னால் எந்த விவசாயி சம்மதிப்பார்? சம்மதிக்கவும் கூடாது.

தமிழ்நாட்டில் படகுக்கென்று ஓடிய பெரிய கால்வாய் ஒன்று உண்டு. அது பக்கிங்ஹாம் கால்வாய். 1934-ல் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு அதில் படகில் போனார். ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதை அப்படிப் பிறந்ததுதான். படகில் உட்கார்ந்திருந்தவர்களின் உல்லாசத்தோடு, அதைச் செலுத்திய உழைப்பாளிகளின் பாட்டையும் அவர் எழுதினார். 1965, 66 புயல்களில் சேதமடைந்த கால்வாய் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. சென்னைக்குள் அது இன்று சாக்கடை.

தா.பழூர்க்காரர்களுக்கு ஆசை தீர மிதக்க ஒரே வழி, கொள்ளிடம் போகிற திசையிலேயே போவதுதான். மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோவில் வழியாகச் சிதம்பரம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரம். எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ எடுத்த அதே சதுப்புக்காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள் இருக்கின்றன. மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகே கேளுங்கள். குறுகலான வழிகளுக்குள் அதுதான் போகும். வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே போய்விடுவது நல்லது. உள்ளே போனதும் படகுக்காரர் குனியச் சொன்னால் உடனே குனிந்துகொள்ளுங்கள். சுரபுன்னைக் கிளைகளும் வேர்களும் தலைக்கு மேலேயே தொங்கும்.