விமானம் ஒரு மணி நேரம், வீடு ஐந்தரை மணி நேரம்

"எத்தனை மணிக்கு வந்து சேருவே?" சிங்கப்பூரிலிருந்து நான் கிளம்பும்போதெல்லாம் அம்மா கேட்கும் கேள்வி இது. இங்கே வேலைக்கு வந்த புதிதில், "விமானம் ஒரு மணி நேரம்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். அன்று செந்தூல் வீட்டு வாசலை நான் மிதித்தபோது இரவு மணி பதினொன்று. அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் சொன்னது பொய்யில்லை. சாங்கிக்கும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 300 கிலோமீட்டர்தான். விமானம் மேலே ஏறி நிமிர்ந்ததும் இறங்கத் தொடங்கிவிடும்.

ஆனால், வீட்டிலிருந்து வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலை 5.30க்குத் தோ பாயோவில் கிளம்பினால் 6.15க்குச் சாங்கி. விமானம் 8.15க்கு. தரையிறங்கி, குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுக்க மணி பத்தாகிவிடும். விமான நிலையம் இருப்பது சிப்பாங்கில். அங்கிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் 28 நிமிடம். பிறகு செந்தூல். மொத்தம் ஐந்தரை மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை.

பேருந்தில் சுமார் 350 கிலோமீட்டர். கடற்பாலத்தில் நெரிசல் இல்லாத நாளில் அதுவும் ஐந்து, ஆறு மணி நேரம்தான், கட்டணமும் குறைவு. உட்லண்ட்சிலும் ஜோகூர் பாருவிலும் இறங்கி ஏற வேண்டும், அவ்வளவே. சாதாரண நாளில் நான் பேருந்தில்தான் போகிறேன். தீபாவளிக்கும் நீண்ட வார இறுதிக்கும் மட்டும் விமானம். அந்த நாள்களில் எல்லையில் எத்தனை மணி நேரம் நிற்போம் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரு நகரங்களையும் 90 நிமிடங்களில் இணைக்க அதிவேக ரயில் வருவதாக இருந்தது. 2016இல் ஒப்பந்தம் கையெழுத்தானது; 2020 இறுதியோடு அது காலாவதியானது.

அதே 2020இல்தான் தொலைவு என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம். அடுத்த ஆண்டு பாட்டி தவறிப்போனார். தனிமைப்படுத்தலை முடித்துக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், இறுதிச் சடங்கைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். நடுவில் இணைப்பு இரண்டு முறை அறுந்தது. 2021 நவம்பர் 29ஆம் தேதி தடுப்பூசி போட்டவர்களுக்கான பயணத் தடம் திறந்தது. நான் அம்மாவைப் பார்த்தபோது டிசம்பர். ஒரு மணி நேர விமானப் பயணத்துக்கு எனக்கு இருபது மாதங்களுக்கு மேல் பிடித்தது.

இப்போது அம்மாவிடம் விமான நேரத்தைச் சொல்வதில்லை. "பதினோரு மணிக்கு வாசலில் இருப்பேன். நீங்க சாப்பிட்டுப் படுங்கம்மா" என்கிறேன்.

"சரி" என்கிறார். போய்ப் பார்த்தால், இரண்டு தட்டுகள் எடுத்து வைத்திருக்கிறார்.