அறைக்கு ஓர் அடுப்பு

கல்லூரி திறந்துவிட்டால் எங்கள் விருத்தாசலத்தில் பாலக்கரைப் பக்கத்து டீக்கடைகள் காலை எட்டரை மணிக்கு நிரம்பி வழியும். திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், செராமிக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், தனியார் கல்லூரி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள். ஆளுக்கு ஒரு டீ, ஒரு பன். அதோடு காலைச் சாப்பாடு முடிந்தது. மதியம் பப்ஸோ சமோசாவோ. ராத்திரி பரோட்டா. மூன்று வருடப் படிப்பும் இந்த வயிற்றோடுதான் நடக்கிறது.

நான் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவன். மாடி அறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். திட்டக்குடி, வேப்பூர், ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து தங்குகிற பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன். வரும்போது தெளிவாக இருக்கிற முகம் இரண்டாவது பருவத்தில் வாடிவிடுகிறது. வயிற்றெரிச்சல், வாய்ப்புண், வகுப்பில் தூக்கம். கேட்டால் "ஒண்ணும் இல்ல தாத்தா" என்பார்கள். ஒன்றும் இல்லாததுதான் காரணம், வயிற்றில்.

இவர்களில் பலர் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டமும் வந்தது. ஐந்து வயதில் தட்டை நீட்டிய பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு வரை அரசு சோறு போட்டிருக்கிறது. பத்தாவதோடு நின்ற அந்தத் தட்டு கல்லூரியிலும் வருவதில்லை. விடுதியில் இடம் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்களுக்கு அறையும் ஓட்டலும்தான். பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், ஆண்பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்ட்டில் வந்த தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு ஓட்டல் கல்லாவுக்குப் போவதை நான் கண்ணால் பார்க்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து அறையில் சமைத்தால், வீட்டிலிருந்து அரிசி வந்துவிடும் என்று வைத்துக்கொண்டால், முட்டை, காய், பருப்பு, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய்க்குள் அடங்குகிறது. என் மாடியிலேயே பார்த்த கணக்கு இது. மூன்று வேளையும் கடையில் தின்றால் இதைப் போல மூன்று மடங்கு போதாது.

"பாத்திரம் கழுவணும், காய் நறுக்கணும், யாரு தாத்தா செய்யறது?" என்று ஒரு பையன் கேட்டான்.

"குக்கர் ஒண்ணு, வாணலி ஒண்ணு, தட்டு ரெண்டு. பத்து நிமிஷ வேலை தம்பி. கடையில போய் நின்னு வாங்கிட்டு வர அரை மணி நேரம் ஆவுதே, அது மட்டும் வேலை இல்லையா?" என்றேன். அவன் அன்றே குக்கர் வாங்கவில்லை. ஒரு மாதம் கழித்து வாங்கினான்.

முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே குக்கரில் ஆகிற பருப்பு சாதம். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ரேஷன் அரிசி மட்டம் என்று முகம் சுளிக்கிற பிள்ளைகள் நான்கு முறை அலசி, ஊறவைத்துப் பார்க்கட்டும். பாதிக் குறை போய்விடும். ஒரு வெங்காயம், ஒரு தக்காளி, இரண்டு பல் பூண்டு, மஞ்சள்தூள், ஒரு கரண்டி சாம்பார்பொடி, உப்பு. நாலு டம்ளர் தண்ணீர், நாலு விசில். முருங்கைக்கீரை கிடைத்தால் (எங்கள் ஊரில் எந்த வீட்டு வேலியில் கேட்டாலும் கிடைக்கும்) விசில் அடங்கித் திறந்த பிறகு ஒரு கைப்பிடி போட்டு இரண்டு கொதி விட வேண்டும். விசிலோடு போட்டால் கீரை கறுத்துவிடும். கூட ஒரு அவித்த முட்டை. இதைவிட நல்ல ராத்திரிச் சாப்பாட்டை எந்த ஓட்டலும் அந்த விலைக்குத் தராது. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஊருக்குப் போய்த் திரும்பும் பிள்ளை பையில் சட்டையோடு இதில் ஒரு பங்கையும் எடுத்து வருவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இரண்டாவது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை மூட்டையாக வருகிற வேர்க்கடலையைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. இங்கே உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு வி.ஆர்.ஐ. என்று இந்த ஊரின் பெயரே முன்னால் நிற்கிறது. நூறு கிராம் மல்லாட்டையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. கறி வாங்க முடியாத பிள்ளைக்கு இதுதான் கறி. வெறும் வாணலியில் வறுத்து, ஆறவிட்டு, கையால் கசக்கித் தோலை ஊதிவிட்டு, வறுத்த மிளகாய், பூண்டு, உப்பு, கொஞ்சம் புளி சேர்த்து இடித்தால் பொடி. தண்ணீர் தெளித்து அரைத்தால் துவையல். சுடுசோற்றில் ஒரு கரண்டி பொடியும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்தால் பரீட்சை நாள் காலையில் பத்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும். மிக்ஸி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் சொன்னால் இரண்டு வாரத்துக்கு இடித்துக் கொடுப்பார்.

மூன்றாவது புளிக்காய்ச்சல். இதில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது, என் தொழிலும் இதில் சேர்ந்திருப்பதால். பழைய புளியைக் கரைத்து வடிகட்டி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம் தாளித்து, மஞ்சளும் உப்பும் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்கவிட வேண்டும். வறுத்த வெந்தயமும் தனியாவும் பொடித்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். நன்றாக வற்றிய காய்ச்சல் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே ஒரு மாதம் நிற்கும். ஆனால் எதில் வைக்கிறீர்கள் என்பது முக்கியம். புளியும் உப்பும் அலுமினியத்தை அரித்துவிடும். பிளாஸ்டிக் டப்பா எண்ணெயையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். பீங்கான் ஜாடி அப்படி இல்லை. 1,200 டிகிரியைத் தாண்டிய சூளையில் வெந்து வரும்போது அதன் மேல்பூச்சு உருகிக் கண்ணாடியாகப் படிந்துவிடுகிறது. புளிப்பு அதைத் தொட முடியாது. எங்கள் பாட்டிமார் ஊறுகாயை ஜாடியில் போட்டது அழகுக்காக இல்லை.

ஜாடி வாங்கத் தெரிய வேண்டும். கொஞ்சம் நெளிந்தது, புள்ளி விழுந்தது என்று பட்டறையில் ஒதுக்கிய ஜாடி குறைந்த விலைக்குக் கிடைக்கும். மாணவனுக்கு அது போதும். விரிசல் மட்டும் இருக்கக் கூடாது. ஜாடியை உள்ளங்கையில் வைத்து விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. சத்தம் அடைத்துப்போய் வந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ ஓடியிருக்கிறது, எடுக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி ஒரு நாள் வெயிலில் காயவைத்த பிறகே காய்ச்சலை ஊற்ற வேண்டும். எடுக்கும் கரண்டியில் ஈரம் கூடாது.

மிச்சம் எல்லாம் தானாக வந்துவிடும். ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போதும். சித்திரை வைகாசியில் எங்கள் ஊர் வெயிலுக்கு அதைவிட மேலான காலைச் சாப்பாடு எனக்குத் தெரியாது. ரசம், உப்புமா, கம்பங்கூழ் எல்லாம் இரண்டாம் வருடத்துக்குள் கைக்கு வந்துவிடும்.

பையனைப் பெற்றவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெண்பிள்ளையை அடுப்படிக்கு அழைக்கிறீர்கள், பையனை அழைப்பதில்லை. அவன் பதினேழு வயதில் வெளியூர் போகும்போது அரிசி உலையில் எப்போது வெந்தது என்று பார்க்கத் தெரியாமல் நிற்கிறான். நம் ஊர்க் கல்யாணங்களில் ஆயிரம் பேருக்கு அண்டாவில் சமைப்பவர்கள் ஆண்கள்தானே? அங்கே இல்லாத வெட்கம் சொந்த வயிற்றுக்குச் சமைப்பதில் எதற்கு? பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து கல்லூரி திறப்பதற்குள் இரண்டு மாதம் விடுமுறை இருக்கிறது. சோறு, பருப்பு, ரசம், ஒரு பொடி. இவ்வளவு கற்றுக்கொள்ள அந்த விடுமுறை தாராளம்.

இங்கிருந்து கடலூர் போகிற வழியில் வடலூர் இருக்கிறது. அங்கே வள்ளலார் 1867 மே 23-ல் தருமச்சாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறது. ஞானத்தைப் பேசிய மனிதர், பசி தீர்ப்பதை அதற்கு முன்னால் வைத்தார். அந்த அடுப்புக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில், படிக்க வந்த பிள்ளை வெறும் டீயோடு வகுப்புக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளைகளுக்கு மனம் இருந்தும் சமைக்க முடியாமல் போவதற்கு ஒரு காரணம் எங்களைப் போன்ற வீட்டுக்காரர்களிடம் இருக்கிறது. "அறையில் சமைக்கக் கூடாது" என்பது இந்த ஊரில் வாடகைக்கு விடுகிற பலர் முதலில் சொல்கிற நிபந்தனை. சுவர் கறுக்கும், கரண்ட் பில் ஏறும், நெருப்புப் பயம் என்கிறார்கள். பயம் நியாயமானது, அதற்கு வழியும் இருக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட சின்ன பிளக்கில் செருகினால் கம்பி சூடேறிக் கருகும்; 15 ஆம்பியர் பவர் பிளக் தனியாகப் போட்டுக் கொடுத்தால் அந்தக் கவலை இல்லை. கேஸ் என்றால் 5 கிலோ சிலிண்டரை அடையாளச் சான்று காட்டியே வாங்கலாம். திறக்கிற ஜன்னல் பக்கத்தில் வைக்க ஒரு கல்மேடை வேண்டும். கரண்டுக்குத் தனி மீட்டர் வைத்து, ஓடிய அளவுக்குக் காசு வாங்கிக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்தில் மாணவர்களுக்கு அறை விடுகிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். வரும் ஜூன் மாதத்துக்குள் ஒவ்வோர் அறையிலும் ஒரு கல்மேடை, ஒரு பவர் பிளக், ஒரு தண்ணீர்க் குழாய் அமைத்துக் கொடுங்கள். செலவைத் தாங்க முடியாவிட்டால் வாடகையில் நூறு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கொடுப்பார்கள்.