எதற்கும் இருக்கட்டும்!

எங்கள் திண்டிவனம் பக்கத்தில் பழகிய ஆள், மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, காதோரம் ஆட்டிப் பார்த்தே காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். அது தெரியாதவர், மார்க்கெட் கமிட்டியில் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவாரோ என்று பயந்து இன்னொரு நாளும் களத்தில் போட்டு வைப்பார். எடை குறையும். நஷ்டம் அவருக்கே.

காகித ஆலைகளும் இதே பயத்தில்தான் ஓடின. மெஷினில் இறங்கும் கூழில் நூற்றுக்கு 99 பங்கு தண்ணீர். வலையில் வடிந்து, உருளைகளுக்கிடையே பிழிபட்டது போக, மிச்ச ஈரத்தை ஸ்டீமில் கொதிக்கும் டிரையர் உருளைகள் வாங்க வேண்டும். செலவெல்லாம் அங்கேதான். ரீலில் 6 சதவீதம் ஈரம் இருக்கலாம் என்றாலும், ஓரிடம் நமுத்துப்போய் சரக்கு திரும்பி வந்தால்? 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆபரேட்டர் 4 சதவீதம் வரை காயவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கண்ணைக் கட்டிவிட்ட வேலை அது. ஆனால் அந்த 2 சதவீதத்தை விரட்ட நிலக்கரி வீணாக எரிந்தது. காகித விலைக்கே விற்றிருக்கக்கூடிய எடையும் ஆவியாய்ப் போனது.

1960களில் ஸ்வீடனின் க்ரூவோன் ஆலையில் ஐபிஎம் கணினியை வைத்து இந்த முடிச்சை அவிழ்த்தவர் கார்ல் யோஹான் ஆஸ்ட்ரோம். ஈரத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்துவிட்டால் எல்லைக்குப் பக்கத்திலேயே தைரியமாக ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. இப்போது ஓடும் காகிதத்தின் குறுக்கே ஸ்கேனர் போய்வந்து ஈரத்தை அளக்கிறது. கணினி ஸ்டீம் வால்வைத் திருகுகிறது. ஆலையின் பம்புகளிலும் தேவையான அளவுக்கு மட்டும் ஓட்டினால் மிச்சம்தான்: வால்வை நெரிக்காமல் வேகத்தையே ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மிச்சம் பிடிக்கும் முயற்சி நம் ஊரிலும் உண்டு. கரூர் பக்கத்துக் காகிதபுரத்தில், தமிழக அரசின் டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலை பாய்லரில் எரிந்துபோக இருந்த சக்கை அது. 2012இல் மத்திய அரசு, பெரிய காகித ஆலைகளுக்கு எரிசக்தி இலக்கு வைத்தது. இலக்கைத் தாண்டி மிச்சம் பிடிப்பவர் அதற்கான சான்றிதழை விற்றுக் காசாக்கவும் அப்போது வழி செய்தது.

எழுபதைத் தாண்டிய எனக்கு இதில் பிடித்தது கணினியின் சாமர்த்தியம் அல்ல. சிக்கனத்தைப் பற்றி எவ்வளவு பிரசங்கம் செய்தாலும் யாரும் கேட்பதில்லை. அளவு தெரிந்து பயம் விலகியதும் விரயம் தானாக நின்றுவிடுகிறது.

விழுப்புரம் பக்கம் கரும்புக்கு விடிய விடிய மோட்டார் ஓட்டும் தம்பிகளே, நாளைக்குக் கரண்டு வருமோ வராதோ என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் சுவிட்சைப் போடுமுன் கரும்புப் பாரில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பாருங்கள். ஈரம் இருந்தால், இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.