வெள்ளிக் கட்டியும் ஒரு பையனின் பெயரும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.எஃப். குவாங் 2022-ல் எழுதிய ‘பேபல்’ என்ற ஆங்கில நாவலைப் படித்து முடித்தேன். 500 பக்கத்துக்கு மேல். மந்திரக் கதை என்று சொல்லித்தான் பேத்தி கொடுத்தாள். ஆயுசு முழுக்க ஆங்கிலம் நடத்தியவனை இந்த மந்திரம் தூங்கவிடவில்லை.

1830-களின் ஆக்ஸ்ஃபோர்டு. மொழிபெயர்ப்புக்கென்றே அங்கே ஒரு கோபுரம். வெள்ளிக் கட்டியின் ஒரு பக்கம் ஒரு மொழிச் சொல், மறுபக்கம் வேறு மொழியில் அதற்கு ஈடான சொல். இரண்டுக்கும் நடுவே நழுவிப்போகிற அர்த்தம் சக்தியாகிவிடும். கப்பல் வேகமாக ஓடும், தறி நெய்யும். நம்மூர்க் கணக்கில், ஒரு பக்கம் ‘உரிமை’, மறுபக்கம் ‘ரைட்’ என்று வையுங்கள். கோர்ட்டில் கேட்கிற உரிமை வந்துவிடும். “உரிமையோட சொல்றேன், சாப்பிட்டுட்டுப் போ” என்கிற அத்தையின் உரிமை? அது வெள்ளிக்குள் போய்விட்டது. இப்படி ஒரு உதாரணம் வேலையில் இருந்தபோது கிடைத்திருக்கக் கூடாதா!

இரண்டு மொழியும் ரத்தத்தில் ஊறியவர்களால்தான் அந்தக் கட்டியை இயக்க முடியும். ஐரோப்பிய மொழிகள் ஒன்றோடொன்று கலந்து தேய்ந்துவருவதால், தூரதேசப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். காலராவில் தாயைப் பறிகொடுத்த காண்டன் நகரத்துப் பையனை ஒரு பேராசிரியர் லண்டனுக்குக் கொண்டுவருகிறார். முதல் வேலை, ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ளச் சொல்வது. ‘கல்லிவர்’ எழுதியவரின் ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டு ராபின் ஸ்விஃப்ட் ஆகிறான். அவனுடைய சீனப் பெயர் கடைசிவரை நமக்குத் தெரியாது. என்னிடம் படித்த ஒருவன், ராத்திரி ஷிப்டில் போனில் வேறு பெயர் சொல்லிப் பேசுகிறான். சம்பளம் நல்ல சம்பளம்தான், குறை சொல்லவில்லை. படிக்கும்போது அவன் முகம் வந்தது.

கோபுரத்தில் சோறு, துணி, உபகாரச் சம்பளம் எல்லாம் உண்டு. அந்த வெள்ளி யாருக்கு உழைக்கிறது என்பதுதான் கேள்வி. கதை அபின் போர் வரை போகிறது. அது மட்டும் நிஜ சரித்திரம். நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசாச் செடியின் பாலிலிருந்து பீகார்ப் பக்கம் அபின் எடுத்து, கல்கத்தாவில் கம்பெனி ஏலம் விட்டது. சீனா 1839-ல் அந்தச் சரக்கை அழித்தது. போர் மூண்டு, 1842-ல் ஹாங்காங் கைமாறியது. தன் தாய்நாட்டின் மேல் வரப்போகும் போருக்குத் துபாஷியாக நிற்கிறான் ராபின்.

கூட்டாளிகள் மூன்று பேர். கல்கத்தா ராமி, ஹெய்ட்டியின் விக்ட்வார், வெள்ளைக்காரப் பெண் லெட்டி. என்னை அதிகம் படுத்தியவள் லெட்டிதான். அண்ணன் செத்த பிறகே அவளுக்குப் படிக்க இடம் கிடைத்தது. நிஜ ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுத்ததே 1920-ல். ஒடுக்கப்பட்டவள்தான், பாசக்காரிதான். ஆனால் நண்பர்களைத் தெருவில் கேவலப்படுத்தினால், ‘இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்’ என்று கேட்கிறாள். அவளுக்கு அது நிஜமாகவே புரியவில்லை. தனக்குப் பட்ட அடி மட்டும் தெரிகிற இந்த மாதிரி நல்லவர்கள் எல்லா ஸ்டாஃப் ரூமிலும் உண்டு. தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்த கல்லூரி ஒன்றிலும் பார்த்திருக்கிறேன்.

குறையும் உண்டு. 1830-ன் பிள்ளைகள் இன்றைய பல்கலைக்கழக மேடைபோலப் பேசுகிறார்கள். அடிக்குறிப்பில் ஆசிரியர் பாடம் எடுக்கிறார் (எனக்குப் பிடித்தது, உங்களுக்குச் சந்தேகம்). முடிவைச் சொல்லமாட்டேன், சண்டைக்கு வருவீர்கள்.

புத்தகம் வீட்டில்தான் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், அழித்துவிடாதீர்கள்.