கொடி போடும் சுழி

ஐப்பசி மழை இரண்டு தடவை பெய்து ஓய்ந்த பிறகு, எங்கள் அருப்புக்கோட்டை வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம் ஒரு கொடி முளைத்தது. சிமெண்டுத் தளம் விரிசல் விட்ட இடம் அது. யாரும் நடவில்லை, பறவை போட்ட விதையாக இருக்க வேண்டும். ஒரு முழம் வளர்ந்ததும், பிடிக்க ஒன்றும் கிடைக்காமல், நுனியை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது.

பால் வாங்கப் போகும்போது தெருப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நுனி, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் வீட்டுப்பக்கம் திரும்பியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நுனிக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன். கால்மணிக்கு ஒருதரம் அடுத்த புள்ளி. இரண்டு மணி நேரத்துக்குள் கொடி ஒரு சுற்று வந்துவிட்டது. புள்ளிகளைச் சேர்த்தபோது கோலம் தெரிந்தது: கொஞ்சம் கோணலான ஒரு வட்டம்.

“அத்தை, இது ஐவியா?” என்று கேட்டான் அண்ணன் மகன். வெளிநாட்டு வீடுகளின் செங்கல் சுவரை மூடிக்கொண்டு நிற்கும் அந்தப் பச்சை அவனுக்குப் படங்களில் பழக்கம். ஐவி குளிர் ஊர்ச் செடி. வேர்களைச் சுவரில் ஒட்டவைத்து ஏறும். நம் சித்திரை வெயிலில் கொதிக்கும் சுவரில் அது கைவைக்காது. அவன் கேட்டதும் எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. கொடிகளைப் பிரித்தறிய அவளிடம் நாலே சோதனைதான்: கிள்ளிப் பாரு, தடவிப் பாரு, மோந்து பாரு, கையைப் பாரு.

திருச்சுழிக்குப் போகிற வழியில் அவள் ஊர். ஊரைச் சுற்றிக் கரிசல், கரிசலைச் சுற்றிக் கிளுவை வேலி. மழை விழுந்து பத்து நாளில் வேலி பூராவும் கொடியாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. கிட்டே போனால் ஒவ்வொன்றும் ஒரு குணம்.

கிள்ளினால் பால் வந்தால் அது வேலிப்பருத்தி. வைத்தியர்கள் உத்தாமணி என்பார்கள். இதய வடிவில் மெத்தென்ற இலை, கசக்கினால் மூக்கைச் சுளிக்கவைக்கும் நெடி, இரட்டை இரட்டையாகத் தொங்கும் முள்முள்ளான காய். தொட்டால் அந்த முள் குத்தாது. காய் வெடித்தால் பட்டு மாதிரி பஞ்சு பறக்கும். தறி ஓடும் தெருக்களில் அந்தப் பஞ்சு மிதந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிற செடிகளில் இதுவும் ஒன்று. பால் வந்து, இலை ஒடுங்கி, நடுநரம்பை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடி, வேர் மணந்தால் நன்னாரி.

“சொரசொரன்னா முசுமுசுக்கை, வழவழன்னா கோவை. தடவிப் பாரு தாயி, கண்ணை நம்பாதே” என்பாள் அப்பத்தா. முசுமுசுக்கை இலையில் சுனை நிறைந்திருக்கும். சின்ன மஞ்சள் பூ, பட்டாணி அளவில் சிவப்புப் பழம். சளி பிடித்தால் அந்த இலையை அரைத்து அடையில் சேர்ப்பார்கள். கோவைக்கு ஐந்து மூலை இலை, வெள்ளைப் பூ, நீளவாக்கில் பழம். மூன்றாவதாக ஐவிரலி என்று ஒன்று இவற்றோடு கலந்து கிடக்கும். அதன் இலை கைவிரல்கள் மாதிரி ஆழமாகப் பிளந்திருக்கும். உருண்டைக் காயில் வெள்ளை வரி ஓடும். பழுத்துச் சிவந்தாலும் வரி போகாது. அதைப் பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது என்பது அப்பத்தா போட்ட கட்டளை.

கடைசிச் சோதனை கை. சங்குப்பூவும் சீந்திலும் உடம்பாலேயே கொம்பைச் சுற்றி ஏறும். கோவை, பிரண்டை, முடக்கத்தான் மூன்றும் கை நீட்டிப் பிடிக்கும். பாடப்புத்தகம் பற்றுக்கம்பி என்று சொல்வது அந்தக் கையைத்தான். முடக்கத்தானுக்குக் கை பூங்கொத்தின் காம்பிலேயே இருக்கும். அதன் காய் ஒரு சின்னப் பச்சைப் பலூன். உடைத்தால் மூன்று அறை, அறைக்கு ஒரு கறுப்பு விதை, விதையின் மேல் வெள்ளையில் இதயம் வரைந்த மாதிரி ஒரு தடம். சிறுவயதில் அந்த விதைகளைத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். கோட்டையை முற்றுகையிடப் போகிற வீரர்கள் சூடியது உழிஞை என்கின்றன பழைய இலக்கணங்கள். உழிஞை முடக்கத்தான்தான் என்பார் பலர். மதிலேறப் போகிறவனுக்கு ஏறுகொடியின் பூவைத் தேர்ந்த மனம் எனக்குப் பிடிக்கும்.

எங்கள் சுவரோரக் கொடிக்குப் பால் வரவில்லை. சுனை இல்லை. இலையில் பிளவு இல்லை, ஐந்து மூலை மட்டும். கோவையேதான். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஐவி கோர்ட்’ என்று பெயர். அண்ணன் மகன் கேட்டது ஒருவகையில் சரிதான் என்று அவனிடம் சொன்னேன்.

கோவை இலையை ஒருதரம் கசக்கினால் போதும், எனக்கு ஒன்றாம் வகுப்பு திரும்பிவிடும். சிலேட்டுத் துடைக்க நாங்கள் வேலியில் பறித்த இலை அது. எச்சில் தொட்டு அழித்தால் சரசுவதி கோபித்துக்கொள்வாள் என்று பயம். நாலு இலையைப் பறித்து உள்ளங்கையில் கசக்கி, சாறோடு சிலேட்டில் தேய்த்துக் காயவைத்தால் மழை நனைத்த கரிசல் மாதிரிக் கறுத்துக் கிடக்கும். அதன்மேல் குச்சியால் எழுதினால் அ பளிச்சென்று விழும். பள்ளிக்கூடத்து வாசலில் கோவைக்கொடி மொட்டையாக நிற்கும். மறுவாரம் மறுபடி தழைக்கும். எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு எழுத்து அந்தப் பச்சைச் சாற்றின் வாசத்தோடு ஏறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கொடி சுற்றுவதை இப்படி உட்கார்ந்து பார்த்த பெரிய மனிதர் ஒருவர் உண்டு. சார்லஸ் டார்வின், உடம்புக்கு முடியாமல் வீட்டோடு கிடந்த காலத்தில், தொட்டியில் வைத்த கொடிகளை அறைக்குள்ளேயே வளர்த்து, அவை எந்தத் திசையில், எத்தனை மணி நேரத்தில் ஒரு சுற்று வருகின்றன என்று குறித்துக்கொண்டே இருந்தார். ஏறுகொடிகளைப் பற்றி அவர் எழுதியது 1865இல் வெளிவந்தது. அவர் கவனித்த ஒன்றை எங்கள் கோவையிலும் பார்த்தேன். ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்த கை, இரண்டே நாளில் கம்பிச்சுருள் மாதிரிச் சுருண்டு கொடியை இழுத்துக்கொண்டது. உற்றுப் பார்த்தால் பாதிச் சுருள் ஒரு திசையில், மீதிப் பாதி எதிர்த்திசையில். நடுவில் சுருளாத ஒரு துண்டு. இரண்டு முனையும் கட்டுண்ட ஒரு கயிறு ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டே போக முடியாது. அதனால் பாதியில் திசை மாறுகிறது. அப்படிச் சுருண்ட பிறகு காற்றில் எவ்வளவு ஆடினாலும் அது அறுவதில்லை. நீண்டு கொடுத்துத் திரும்பவும் சுருங்கிக்கொள்கிறது.

கொடி போட்ட வட்டமும் ஒரு சுழிதான். சுழி என்ற சொல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். திருச்சுழியின் பெயர்க் காரணத்தை அங்கே கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள்: பொங்கி வந்த பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் நிலத்தில் துளையிட்டுச் சுழித்து உள்ளே போகச் செய்தார் என்கிறது தலபுராணம். சுவாமி திருமேனிநாதர், அம்மன் துணைமாலை. குண்டாற்றுக் கரையில் இருக்கிற அந்த ஊரில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. சிறுவயதிலேயே ஊரை விட்டுப் போனவர். 1896இல் திருவண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது பதினாறு.

மலைக்குகையில் இருந்த காலத்தில், பிட்சைக்குப் போகும் அடியார்கள் பாடிக்கொண்டு போவதற்காக அவர் பாடித் தந்தது அட்சரமணமாலை. 108 கண்ணிகள். எங்கள் வீட்டில் அம்மா கார்த்திகை தீபத்தன்று அதைப் பாடுவாள். அதில் ஒரு கண்ணியில், பிடிக்க ஒன்றும் இல்லாமல் வாடும் கொடியாகத் தன்னைச் சொல்லி, நீயே எனக்குப் பற்றுக்கோடாக இரு என்று அருணாசலத்தைக் கேட்கிறார். அம்மா அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். நான் அதைப் பக்திப் பாட்டின் வழக்கமான உவமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்திப் பாட்டில் கொடிக்கா பஞ்சம்?

சாக்பீஸ் புள்ளிகளோடு உட்கார்ந்திருந்த அன்றுதான் அந்தக் கண்ணி எனக்கு அர்த்தமாயிற்று. பற்றுக்கோட்டில் உள்ள ‘கோடு’ மரக்கிளை. பற்றுவதற்கு ஒரு கிளை, அவ்வளவுதான் கேட்கிறது கொடி. கிடைக்காதபோது அது சும்மா நிற்பதில்லை. சுற்றிச் சுற்றிக் காற்றைத் தடவுகிறது. வாட்டம் என்று அவர் சொன்னது கொடி படுகிற பாடுதான். பார்த்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். திருச்சுழித் தெருக்களில் ஓடித் திரிந்த பையன் வேலியைப் பார்க்காமலா இருந்திருப்பான்? எனக்கு அந்தக் கண்ணியில் குண்டாற்றங்கரை வேலி தெரிகிறது.

வானம் பார்த்த பூமியில் கொடி வளராது என்று சொல்கிறவர்கள் தண்ணீரை மட்டும் நினைக்கிறார்கள். கோவைக்கு அடியில் கிழங்கு இருக்கிறது. பங்குனி வெயிலில் மேலே எல்லாம் காய்ந்து சருகானாலும் கிழங்கு உள்ளே காத்திருந்து, அடுத்த மழைக்குத் துளிர்க்கும். பிரண்டை தண்டிலேயே நீர் வைத்துக்கொண்டு, பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடி, இரவில்தான் திறந்து மூச்சு வாங்கும். சீந்தில் தண்டை அறுத்து வேப்பமரத்தில் மாட்டிவிட்டால், அங்கிருந்தே ஒரு நூல்வேரை மண்ணைத் தேடி இறக்கும். தண்ணீருக்குக் காத்திருக்க இந்தக் கொடிகளுக்குத் தெரியும். கொம்பு இல்லாவிட்டால் மட்டும் தரையில் படர்ந்து ஆட்டுக்கு இரையாகிவிடும்.

அந்தக் கொம்புதான் இப்போது இல்லை. கிளுவை வேலியும் கள்ளி வேலியும் போய், கல்தூணும் முள்கம்பியும், ஊருக்குள் பூசி வழித்த சுவரும் வந்துவிட்டன. திருச்சுழி ரோட்டில் கோவை இன்னும் சிவந்து தொங்குகிறது என்றால் அது சீமைக்கருவேல் புதரின் மேல்தான். வேலி போனதும் கொடி போயிற்று. கொடியோடு அப்பத்தாவின் நாலு சோதனையும் போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் கோவைக்கு ஒரு சவுக்குக் கம்பு நட்டு, மாடிக்கு ஒரு கயிறு கட்டினேன். கார்த்திகையில் பூத்தது. பூவுக்குப் பின்னால் பிஞ்சு இல்லை, ஆண்கொடி. கோவையில் ஆண் வேறு, பெண் வேறு. மனிதருக்குப் போலவே எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் அதற்கும் உண்டு. காய் வேண்டுமானால் விதையை நம்பாமல், காய்க்கிற கொடியிலிருந்து பென்சில் கனத்தில், நாலு கணு உள்ள தண்டாக ஒரு சாண் வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நட வேண்டும். கருவேல் புதரில் காய்த்த ஒன்றை வெட்டி வந்து பக்கத்தில் நட்டிருக்கிறேன். பிரண்டைக்கும் அதே முறைதான், ஆனால் வெட்டிய தண்டை இரண்டு நாள் நிழலில் காயவிட வேண்டும். அதற்குத் தண்ணீரைக் குறைத்தே ஊற்றுங்கள்.

தொட்டி, உரம், நர்சரிச் செடி எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி பிறப்பதற்குள் சுவரோரம் ஒரு கம்பு நட்டு வையுங்கள். கொடி தானாக வரும். வந்ததும் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.